ஏற்காட்டு வளைவுகளும் அம்மாவின் முழங்காலும்: ஸ்கோடா கைலாக் எங்கள் வீட்டுக்கு வந்த வழி

குடும்பத்துக்கு ஏற்ற கார் ஒரு பக்கம், ஓட்டுவதற்கு இன்பமான கார் மறுபக்கம் என்றும், பிள்ளை குட்டிகள் வந்த பிறகு இரண்டாவதை மறந்துவிட வேண்டும் என்றும் என்னிடம் பலர் சொல்லியிருக்கிறார்கள். கடந்த ஆண்டு புதிய கார் தேடத் தொடங்கியபோது நானும் ஏறத்தாழ அப்படித்தான் நினைத்திருந்தேன். ஏழு மாதங்கள் பல வண்டிகளை ஒரே பாதையில் ஓட்டிப் பார்த்த பின் அந்த எண்ணம் மாறிவிட்டது. ஓட்டுபவரின் கைகளுக்கு நம்பிக்கை தருகிற அதே குணம்தான் பின்னிருக்கையில் இருக்கும் குழந்தைக்குக் குமட்டல் வராமலும் காக்கிறது. இதை எங்கள் வீட்டில் கண்கூடாகப் பார்த்தேன். நாங்கள் கடைசியில் வாங்கிய ஸ்கோடா கைலாக்கைப் பற்றியும், அதற்கு முன் பார்த்துவிட்டு வேண்டாம் என்று வைத்த வண்டிகளைப் பற்றியும் இங்கே எழுதுகிறேன்.

வீட்டில் நாங்கள் ஐந்து பேர். எழுபது வயதைக் கடந்த அம்மாவுக்கு இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம் உண்டு. ஒன்பது வயது மகளுக்கு மலைப்பாதை என்றாலே வாந்தி வரும். நான்கு வயது மகனுக்குக் குழந்தை இருக்கை பொருத்தியாக வேண்டும். தாம்பரத்திலிருந்து பழைய மகாபலிபுரம் சாலைக்குத் தினமும் காரில் வேலைக்குப் போய் வருபவர் என் மனைவி. ஆகவே வண்டியை அதிகம் ஓட்டப்போவது அவர்தான். அவருடைய ஊர் ஆத்தூர் என்பதால் ஆண்டுக்கு ஐந்தாறு முறை உளுந்தூர்ப்பேட்டை வழியாக அங்கே போவோம், பெரும்பாலும் அங்கிருந்து ஏற்காட்டுக்கும் ஏறுவோம். திரும்பும்போது டிக்கியில் ஜவ்வரிசி மூட்டையும் தேங்காய்களும் கட்டாயம் இருக்கும்.

ஓட்டும் இன்பத்தைப் பற்றி எனக்கு இவ்வளவு பிடிவாதம் வந்ததற்கு அப்பாவின் ஃபோர்டு ஐகான்தான் காரணம். மறைமலைநகர் ஆலையில் தயாராகி 1999-இல் சந்தைக்கு வந்த அந்தக் காரில்தான் நான் ஓட்டக் கற்றுக்கொண்டேன். ஐரோப்பிய ஃபியஸ்டாவின் அடித்தளத்தில் டிக்கி வைத்துக் கட்டிய சாதாரணக் குடும்பக் கார் அது. ஆனால் ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் முன்சக்கரங்கள் சொன்ன சொல் கேட்பதைப் போல வளையும். பள்ளத்தில் இறங்கி ஏறினால் ஒரே அசைவில் அடங்கிவிடும். அப்பா ஏற்காட்டுக்கு ஓட்டிச் சென்றபோது பின்னால் அமர்ந்திருந்த எனக்கு ஒருமுறைகூட வயிற்றைப் புரட்டியதில்லை. அது ஏன் என்று அப்போது நான் யோசித்ததில்லை. என் மகள் ஏழாவது வளைவிலேயே வண்டியை நிறுத்தச் சொல்லி அழுதபோதுதான் யோசித்தேன். இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்டு 2021 செப்டம்பரில் அறிவித்த நாளில், எங்கள் பகுதியிலேயே பிறந்த ஒரு நல்ல குணம் சந்தையிலிருந்து போய்விடுமே என்று உண்மையாகவே வருந்தினேன்.

காரில் வரும் குமட்டலுக்குக் காரணம் பள்ளம் மேட்டில் விழும் அதிர்வு என்று பலரும் நினைக்கிறார்கள். அந்த வேகமான அதிர்வு உடம்பை அலுக்கச் செய்யும், ஆனால் வயிற்றைப் புரட்டுவது அது அன்று. ஓர் அலை வந்து போகச் சில விநாடிகள் எடுத்துக்கொள்ளும் மெதுவான ஆட்டம்தான் வயிற்றைப் புரட்டுகிறது. வளைவில் ஒரு பக்கம் சாய்ந்து, மீண்டு, மறுபக்கம் சாய்வதும், பிரேக் போடும்போது மூக்கு தாழ்ந்து விடுவிக்கும்போது எழுவதும், மேட்டில் ஏறி இறங்கிய பின் படகு போல இரண்டு மூன்று முறை மிதப்பதும் அந்த வகை. முன்னிருக்கையின் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தையின் கண்கள் எதுவும் அசையவில்லை என்று சொல்லும்போது, உள்காது எல்லாமே அசைகிறது என்று சொல்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததே குமட்டல். ஷோரூம் வாசலில் மெத்து மெத்தென்று தெரிகிற மிருதுவான ஸ்பிரிங்குகள், அவற்றை அடக்கும் வலு ஷாக் அப்சார்பருக்கு இல்லையென்றால், மலைப்பாதையில் குழந்தைக்குத் தீங்கு செய்யும். ஆட்டத்தை ஒரே அசைவில் அடக்கும் காரில் ஓட்டுநர் ஒரு வளைவில் ஸ்டீயரிங்கை ஒருமுறை திருப்பினால் போதும். இடையில் திருத்திக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஓட்டுநர் திருத்தாதபோது பின்னால் இருப்பவரின் தலையும் அலைவதில்லை. ஓட்டுபவரின் மகிழ்ச்சியும் பயணியின் நிம்மதியும் இப்படி ஒரே இடத்திலிருந்து வருகின்றன.

இதை டெஸ்ட் டிரைவில் கண்டுபிடிப்பது கடினம் என்பதை முதல் வாரத்திலேயே தெரிந்துகொண்டோம். நாங்கள் முதலில் சென்ற விற்பனை நிலையத்தில், நேரான சாலையில் மூன்று கிலோமீட்டர் போய்த் திரும்புவதற்கு மட்டுமே அனுமதித்தார்கள். பின்னிருக்கையில் ஏறவிருந்த அம்மாவை, இடம் போதாது என்று சொல்லி இறக்கிவிட்டார்கள். இந்த வண்டியில் ஆயுளின் எஞ்சிய பயணங்களைச் செய்யப்போகிறவர் அவர் என்பதை எப்படி மறந்தார்கள் என்று எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. அதன் பிறகு நாங்கள் வேறு வழியில் போனோம். நாமே ஓட்டிக்கொள்ளும் வாடகைக் கார்களை வார இறுதிக்கு எடுத்தோம். கிடைக்காதவற்றை உறவினர்களிடமும் அலுவலக நண்பர்களிடமும் கேட்டு வாங்கினோம். செலவு கொஞ்சம் ஆயிற்று. பத்து ஆண்டுகள் வைத்திருக்கப்போகும் பொருளுக்கு அந்தச் செலவு தகும் என்றே இப்போதும் சொல்வேன்.

முதலில் எடுத்தது மாருதி ஸ்விஃப்ட். 2005-இல் வந்த முதல் ஸ்விஃப்ட்டிலிருந்தே இந்தப் பெயர் மீது எனக்குப் பிரியம் உண்டு. 2024-இல் வந்த நான்காம் தலைமுறையும் ஆயிரம் கிலோவுக்கும் குறைந்த எடை கொண்டது. அந்த எடைக்குறைவு தருகிற துள்ளலை எந்த இயந்திர வலிமையாலும் ஈடு செய்ய முடியாது. நகரச் சந்துகளில் ஓட்டும்போது சைக்கிள் போல வளைகிறது. முந்தைய நான்கு சிலிண்டர் இயந்திரம் ஏறத்தாழ 90 பிஎஸ் (குதிரைத்திறன்) ஆற்றலும், மேலே மேலே சுற்றத் துடிக்கும் குணமும் கொண்டிருந்தது. இப்போதைய மூன்று சிலிண்டர் இயந்திரத்தின் ஆற்றல் ஏறத்தாழ 82 பிஎஸ். எரிபொருள் சிக்கனம் கூடியிருக்கலாம், ஆனால் அந்தத் துடிப்பு போய்விட்டது. 265 லிட்டர் டிக்கியில் எங்கள் ஐந்து பேரின் இரண்டு நாள் துணிமணிகளே நிறைந்துவிட்டதால் ஜவ்வரிசியைப் பற்றிப் பேசவே வேண்டியிருக்கவில்லை. மூன்று பேர் உள்ள குடும்பத்துக்கு நான் தயங்காமல் இதையே பரிந்துரைப்பேன்.

ஹோண்டா சிட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை வேண்டாம் என்று வைத்தது எனக்கு எளிதாக இருக்கவில்லை. 1998-இல் இந்தியாவுக்கு வந்த முதல் சிட்டியை ஓட்டியவர்கள் அதன் இயந்திரத்தைப் பற்றி இன்றும் ஏக்கத்தோடு பேசுவார்கள். 2020-இல் வந்த ஐந்தாம் தலைமுறையின் 1.5 லிட்டர் இயந்திரத்திலும் அந்த மரபு உயிரோடு இருக்கிறது. கூடுதல் காற்றைத் திணித்து ஆற்றலைக் கூட்டும் டர்போ இல்லை, 121 பிஎஸ் ஆற்றல் முழுதாகக் கிடைப்பது இயந்திரம் நிமிடத்துக்கு 6600 சுற்றுகள் சுற்றும்போது. ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதிக்கிறோமோ அவ்வளவுதான், தாமதமில்லாமல், மிகையில்லாமல் வருகிறது. எடையே தெரியாத கிளட்ச்சும், விரல் நுனியில் விழுகிற ஆறு கியர்களும் சேர்ந்து, மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் வேகத்திலேயே மனத்துக்கு நிறைவு தருகின்றன. வேகமாகப் போனால்தான் இன்பம் என்ற கார்கள் நம் சாலைகளுக்குப் பயன்படாது. இந்தக் கார் பல்லாவரம் நெரிசலில்கூட மகிழ்ச்சி தரும் வகை. பின்னிருக்கையும் நான் பார்த்தவற்றில் மிகச் சிறந்தது. தொடைக்கு முழுத் தாங்கல், முழங்காலுக்கு முன்னால் தாராள இடம், பெரிய ஜன்னல்கள். ஜன்னல் பெரிதாக இருப்பது அழகுக்காக மட்டுமன்று. வெளியே அடிவானம் தெரிந்தால் குழந்தைக்குக் குமட்டல் குறையும் என்பதால் நான் அதை ஒரு பாதுகாப்பு வசதியாகவே கருதுகிறேன். மகள் ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் பதின்மூன்றாவது வரை பாட்டுப் பாடிக்கொண்டு வந்தாள்.

ஆனால் அம்மா, மேலே போய் வண்டியை நிறுத்தியதும், கதவைப் பிடித்துக்கொண்டு எழ முயன்று முடியாமல் மீண்டும் அமர்ந்தார். "உட்காரும்போது கிணற்றில் இறங்குவது போலிருக்கிறதுப்பா, ஏறி வர ஒரு கை வேண்டியிருக்கிறது" என்றார். தரைக்கும் அடிப்பகுதிக்கும் இடையே 165 மில்லிமீட்டர் மட்டுமே உள்ள தாழ்வான கார் அது. ஐந்து பேரும் சுமையும் ஏறியபின் கிராமத்து வேகத்தடைகளை மிகக் கவனமாகச் சாய்வாக ஏறிக் கடக்க வேண்டும். தானியங்கி வகையில் உள்ள, படிப்படியான கியர்கள் இல்லாத சிவிடி, கியர் மாறும் குலுக்கலே இல்லாமல் பயணிகளுக்கு மிக இதமாக இருக்கிறது. ஓட்டுபவருக்கோ, மிதித்தவுடன் இயந்திரத்தின் சத்தம் முதலில் உயர்ந்து வேகம் பின்னால் வருவதால், காலுக்கும் வண்டிக்கும் இடையே ஏதோ ஒன்று நெகிழ்ந்திருப்பது போலத் தோன்றும். சிட்டியை வாங்குவதென்றால் கைக் கியரோடுதான் வாங்க வேண்டும் என்பது என் முடிவு. தினமும் இரண்டு மணி நேரம் நெரிசலில் ஓட்டும் மனைவி அதற்கு உடன்படவில்லை, அது நியாயமும்கூட.

ஹுண்டாய் வெர்னாவை விரைவாகவே கடந்துவிட்டோம். ஸ்ரீபெரும்புதூருக்கு அருகில் இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் இந்தக் காரின் 2023 வடிவத்தில், 1.5 லிட்டர் டர்போ இயந்திரம் 160 பிஎஸ் ஆற்றலும் 253 நியூட்டன் மீட்டர் திருகுவிசையும் (டார்க்) தருகிறது. 528 லிட்டர் டிக்கி, ஆறு காற்றுப்பைகள், குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் என்று தாளில் எல்லாம் நிறைவாக இருக்கிறது. நேர்ச்சாலையில் முந்துவதற்கு இதைவிட எளிதான வண்டியை நான் இந்த விலையில் பார்க்கவில்லை. ஆயினும் ஸ்டீயரிங் மிக இலகுவாக இருப்பதால் முன்சக்கரங்கள் என்ன செய்கின்றன என்பது கைக்குத் தெரிவதில்லை. பின்னோக்கிச் சரியும் கூரையால் பின்கதவில் ஏறுபவர் தலையைக் குனிய வேண்டியிருக்கிறது. முழங்காலை மடக்கவே சிரமப்படுபவரைத் தலையையும் குனியச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அடுத்து ஸ்கோடா ஸ்லாவியா. என் மனம் இதில்தான் தங்கியது. ஃபோக்ஸ்வாகன் வர்டஸ் இதன் உடன்பிறப்பு; 2022-இல் சில மாத இடைவெளியில் வந்த இரண்டும் புனேவுக்கு அருகில் உள்ள சாக்கனில் ஒரே அடித்தளத்தின் மேல் தயாராகின்றன. இரண்டின் டிக்கியும் 521 லிட்டர், முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் உள்ள இடைவெளியும் ஒன்றே. வெளித்தோற்றமும் விலைப்பட்டியலும்தான் வேறு. அலுவலக நண்பரின் ஸ்லாவியாவில், 115 பிஎஸ் தரும் ஒரு லிட்டர் மூன்று சிலிண்டர் டர்போ இயந்திரத்தோடு, ஏற்காடு ஏறினோம். முதல் வளைவிலேயே எனக்கு அப்பாவின் ஐகான் நினைவுக்கு வந்தது. பிரேக்கை விட்டுத் திருப்பியதும் உடல் ஒரே முறை சாய்ந்து, அங்கேயே நின்று, வளைவு முடிந்ததும் நிமிர்கிறது. பின்சக்கரங்களுக்கு இந்த விலையில் உள்ள பெரும்பாலான கார்களைப் போல, இரண்டையும் ஒன்றாக இணைக்கும் எளிய முறுக்குத்தண்டு அமைப்புதான். ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனிச் சஸ்பென்ஷன் (அதிர்வு தாங்கும் அமைப்பு) இல்லை. உறுப்பு ஒன்றாக இருந்தாலும் அதை எப்படி இழைத்துப் பதப்படுத்தியிருக்கிறார்கள் என்பதில் எவ்வளவு வேறுபாடு வந்துவிடுகிறது என்பதை இந்தக் காரில் கண்டுகொண்டேன். மகள் இருபது வளைவுகளையும் கடந்து, ஏரிக்கரையில் இறங்கியவுடன் பசிக்கிறது என்றாள். எங்கள் வீட்டில் அது ஒரு வரலாற்று நிகழ்வு.

150 பிஎஸ் தரும் 1.5 லிட்டர் நான்கு சிலிண்டர் இயந்திரத்தையும் இதே காரில் வாங்கலாம். சாலை சமமாகவும் சுமை குறைவாகவும் இருக்கும்போது இரண்டு சிலிண்டர்களை அணைத்துவிடும் நுட்பம் அதில் உண்டு. மிக அருமையான இயந்திரம் என்பதில் ஐயமில்லை. அதன் தானியங்கி வகையில் இருப்பது உலர்ந்த இரட்டைக் கிளட்ச் கொண்ட ஏழு கியர் பெட்டி. நெடுஞ்சாலையில் மின்னல் போல மாறும் அந்தக் கியர்கள், ஓரடி நகர்ந்து நின்று மறுபடி ஓரடி நகரும் நெரிசலில் அவ்வளவு விருப்பத்தோடு வேலை செய்வதில்லை, கிளட்ச் சூடேறவும் செய்யும். ஒரு லிட்டர் வகையில் உள்ள ஆறு கியர் தானியங்கியோ டார்க் கன்வர்ட்டர் முறையில் இயங்குவது. அதில் இயந்திரத்தையும் கியர் பெட்டியையும் இணைப்பது எண்ணெய்தான் என்பதால் ஊர்ந்து போவது அதற்கு இயல்பு. குறைந்த ஆற்றல் உள்ள வகையையே நான் தேர்ந்தெடுத்ததற்கு இது முதல் காரணம். இரண்டாவது காரணம், நாங்கள் ஐந்து பேராகப் போகும் சாலைகளில் 150 பிஎஸ்ஸை முழுதாகப் பயன்படுத்தும் இடம் மிகக் குறைவு. இருக்கும் ஆற்றல் முழுவதையும் பயன்படுத்தி ஓட்டும் கார்தான் எனக்கு அதிக மகிழ்ச்சி தருகிறது.

ஸ்லாவியாவிலும் அம்மாவின் கிணறு அப்படியே இருந்தது. தரையிலிருந்து 179 மில்லிமீட்டர் உயரம் இருப்பதால் வேகத்தடைகளில் கவலை குறைவு, ஆனால் இருக்கை செடானின் இருக்கைதான். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நான் அந்தக் காரை எவ்வளவு விரும்பினேன் என்பதைப் பார்த்துவிட்டு, வலியை அடக்கிக்கொண்டு எழுந்து நின்று, நன்றாக இருக்கிறது என்றார். அதற்குப் பிறகு அதை வாங்க எனக்கு மனம் வரவில்லை.

உயரமான வண்டி வேண்டும் என்று ஆனபின் எல்லோரும் சொல்வதைப் போல ஹுண்டாய் கிரெட்டாவைப் பார்த்தோம். அதிலும் 2024-இல் வந்த ‘என் லைன்’ (N Line) வகையை, வெர்னாவின் அதே 160 பிஎஸ் இயந்திரத்துக்காக ஓட்டிப் பார்த்தேன். ஸ்லாவியாவின் உயரம் 1507 மில்லிமீட்டர், கிரெட்டாவின் உயரம் 1635. ஒரு சாண் அளவுகூட இல்லாத இந்த வேறுபாடு வளைவில் நன்றாகவே தெரிகிறது, ஏனென்றால் எடை மேலே ஏற ஏற உடல் அதிகம் சாயும், அந்தச் சாய்வைத் தடுக்க ஸ்பிரிங்கை இறுக்கினால் பள்ளங்களில் குலுங்கும். வழக்கமான கிரெட்டாவைவிட ‘என் லைனை’ இறுக்கமாகச் செய்திருக்கிறார்கள். அம்மாவுக்கு ஏறி இறங்க மிக வசதி. பின்னிருக்கையில் மூன்று பேர் அமரவும் இடம் தாராளம். பெரியவர்கள் ஐவர் உள்ள வீட்டுக்கு நான் இதையே சொல்வேன். எங்களுக்கு விலை எட்டவில்லை, மகளும் பத்தொன்பதாவது வளைவில் எலுமிச்சம்பழம் கேட்டாள்.

சித்தப்பா மகன் வாங்கியிருந்த கைலாக்கை நாங்கள் ஓட்டிப் பார்த்தது இதற்கு அடுத்த மாதம். 2024 நவம்பரில் வெளிவந்த இந்தக் குட்டி எஸ்யூவி, ஸ்லாவியாவின் அடித்தளத்தையே சுருக்கி, அதே ஒரு லிட்டர் டர்போ இயந்திரத்தை வைத்துக் கட்டப்பட்டது. 3995 மில்லிமீட்டர் நீளம் என்பது தற்செயலாக வந்த எண்ணன்று. நான்கு மீட்டருக்குள் இருந்து, பெட்ரோல் இயந்திரம் 1200 கன சென்டிமீட்டரைத் தாண்டாமல் இருந்தால் சிறிய கார் என்று வரி விதிப்பில் கணக்காகும். 2025 செப்டம்பர் 22 முதல் அத்தகைய கார்களுக்கு 18 விழுக்காடும் பெரியவற்றுக்கு 40 விழுக்காடும் ஜிஎஸ்டி என்று ஆனபின் அந்த ஐந்து மில்லிமீட்டரின் அருமை வாங்குபவர் எல்லோருக்கும் புரிந்திருக்கும். அறிமுகமானபோது அடிப்படை வகையின் எக்ஸ் ஷோரூம் விலை 7.89 லட்சம் ரூபாய். வரிக் குறைப்புக்குப் பின் இன்னும் இறங்கியது. நாங்கள் அந்தக் குறைப்புக்குப் பிறகு, அக்டோபரில் வாங்கினோம்.

அம்மாவுக்காகப் பார்த்தது முதலில் இருக்கையின் உயரத்தைத்தான். தரையிலிருந்து அடிப்பகுதி 189 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஸ்லாவியாவைவிடப் பத்து மில்லிமீட்டர்தான் கூடுதல் என்று எண்ணத் தோன்றும். ஆனால் இருக்கையை மேலே தூக்கி வைத்திருப்பதால், அம்மா பக்கவாட்டில் திரும்பி அமர்ந்து, பிறகு கால்களை உள்ளே வைத்துக்கொள்கிறார். நாற்காலியில் அமர்வதைப் போலவே இருக்கிறதாம். இறங்கும்போது அவருடைய பாதம் தரையில் முழுதாகப் பதிந்த பிறகுதான் உடலின் எடை காலுக்கு வருகிறது. வயதானவர்களோடு கார் பார்க்கப் போகிறவர்கள், அவர்கள் ஏறுவதைவிட இறங்குவதைக் கவனிக்க வேண்டும். வலி வெளிப்படுவது இறங்கும்போதுதான்.

ஓட்டும் குணத்தில், ஸ்லாவியாவில் நான் கண்டதில் பெரும்பகுதி இதிலும் இருக்கிறது. வளைவில் சற்றுக் கூடுதலாகச் சாய்கிறது, ஆனால் அந்தச் சாய்வும் ஒரே முறைதான், திரும்பத் திரும்ப ஆடுவதில்லை. சக்கர இடைவெளி குறைவு என்பதால் கொண்டை ஊசி வளைவுகளில் ஸ்லாவியாவைவிடச் சுறுசுறுப்பாகவே திரும்புகிறது. ஸ்டீயரிங் மெதுவான வேகத்தில் இலகுவாகவும், வேகம் கூடக் கூட உள்ளங்கையில் எடை தருவதாகவும் இருக்கிறது. இந்த இயந்திரத்தின் ஒரே பெரிய குறை, 1750 சுற்றுகளுக்குக் கீழே டர்போ விழித்துக்கொள்ளாத நேரத்தில் வண்டி சோர்ந்து நிற்பது. கைக் கியர் வகையில் ஐந்து பேரோடு ஏறும்போது, இறுக்கமான வளைவில் இரண்டாவது கியரிலேயே இருந்தால் வண்டி திணறும், முதல் கியருக்கு இறக்கியாக வேண்டும். தானியங்கியில் இந்தக் குறை பெரிதும் மறைந்துவிடுகிறது. டார்க் கன்வர்ட்டர் குறைந்த வேகத்தில் திருகுவிசையைப் பெருக்கிக் கொடுப்பதால், டர்போ எழும் வரை அது கைகொடுத்துத் தூக்கிவிடுகிறது. நெரிசலுக்காக மனைவி கேட்ட தானியங்கி, மலையிலும் சரியான தேர்வாக அமைந்தது இப்படித்தான். கைக் கியரின் இன்பம் தனி என்பதை நான் மறுக்கவில்லை. மலையில் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உள்ள இதழ்களை அழுத்தி நானே கியரை மாற்றிக்கொள்கிறேன். ஏற்றத்துக்கு இறக்கி வைப்பதற்கும், இறக்கத்தில் பிரேக்கைச் சூடேற்றாமல் இயந்திரத்தாலேயே வேகத்தைப் பிடிப்பதற்கும் அது போதுமானதாக இருக்கிறது.

பாதுகாப்பில் எனக்குக் குறை ஏதுமில்லை. எல்லா வகைகளிலும் ஆறு காற்றுப்பைகளும், சறுக்கலைக் கட்டுப்படுத்தும் மின்னணு அமைப்பும் உண்டு. 2025 ஜனவரியில் பாரத் என்கேப் மோதல் சோதனை இதற்கு ஐந்து நட்சத்திரம் அளித்தது. மகனின் இருக்கையை ஐசோஃபிக்ஸ் கொக்கிகளில் பொருத்த ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் அந்த இருக்கை ஒருபுறம் பொருத்தப்பட்ட பின், மீதமுள்ள இடத்தில் அம்மாவும் மகளும் அமர்வதற்குச் சரியாக இருக்கிறதே தவிர, மிச்சமில்லை. மகள் வளர்ந்தபின் இது நெருக்கடியாகும். பின்னிருக்கையில் பெரியவர்கள் மூன்று பேர் நெடுந்தூரம் போவதென்றால் இந்தக் காரை நான் சொல்ல மாட்டேன். நடுவில் உயர்ந்து நிற்கும் தளமும் அங்கே அமர்பவரின் கால்களுக்கு இடைஞ்சல்.

டிக்கி 446 லிட்டர் என்று நிறுவனம் சொல்கிறது. எங்கள் கணக்கில் அது இரண்டு பெரிய பெட்டிகள், ஒரு சிறிய பெட்டி, மகனின் மூன்று சக்கர மிதிவண்டி, பத்துக் கிலோ ஜவ்வரிசி, பதினைந்து தேங்காய்கள். சிட்டியிலும் ஸ்லாவியாவிலும் இதைவிட அதிகம் ஏற்றலாம், ஆனால் செடானின் டிக்கி வாய் சிறியது. மிதிவண்டியை அதில் நுழைக்கத் தலைகீழாகப் பிடிக்க வேண்டியிருந்தது. இதில் கதவே மேலே திறப்பதால் தூக்கி உள்ளே வைத்துவிடலாம்.

சக்கரத்தைப் பற்றி ஒரு சொல். உச்ச வகையில் 17 அங்குலச் சக்கரங்கள் வருகின்றன, பார்க்க அழகானவை. நாங்கள் அதற்கு ஒரு படி கீழே உள்ள வகையை 16 அங்குலத்தோடு எடுத்தோம். டயரின் பக்கச்சுவர் தடிமனாக இருப்பதால் உடைந்த தார்ச்சாலையின் கூர்மையான விளிம்புகளை டயரே விழுங்கிக்கொள்கிறது. அடக்கமான சஸ்பென்ஷனுக்கு இந்தத் தடிமன் பெரும் துணை. ஐந்து பேரும் சுமையும் ஏறும் நாளில், ஓட்டுநர் பக்கக் கதவோரம் ஒட்டப்பட்டுள்ள அட்டவணையில் முழுச் சுமைக்கு என்று தனியாகக் குறித்திருக்கும் காற்றழுத்தத்தைப் பார்த்து நிரப்பிக்கொள்ள வேண்டும். இதைச் செய்யாமல் ஒருமுறை ஆத்தூருக்குப் போனபோது, பின்பக்கம் மிதப்பது போலிருந்தது. உளுந்தூர்ப்பேட்டையில் காற்றை நிரப்பியதும் அந்த மிதப்பு நின்றது.

வாங்கி ஏழாயிரம் கிலோமீட்டர் ஆகிறது. நெடுஞ்சாலையில் மணிக்கு 90 கிலோமீட்டரை ஒட்டிச் சென்றால் லிட்டருக்குப் பதினேழும், மனைவியின் அலுவலகப் பாதையில் பத்தும் பதினொன்றும் கிடைக்கின்றன. நகரத்து எண்ணிக்கை எனக்கு நிறைவளிக்கவில்லை. எரிபொருள் செலவே முதல் கவலை என்பவர்கள், கையிருப்பு இடம் கொடுத்தால், பெட்ரோலோடு மின்மோட்டாரும் சேர்ந்து இயங்கும் ஹோண்டா சிட்டியின் ஹைபிரிட் வகையைப் பார்க்கலாம். மின்கலத்துக்காக அதன் டிக்கி 306 லிட்டராகச் சுருங்கிவிட்டது என்பதை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். கைலாக்கில் சிக்னலில் நிற்கும்போது மூன்று சிலிண்டரின் மெல்லிய நடுக்கம் இருக்கையில் தெரிகிறது. எங்கள் வகையில் ஏசியை இயக்குவதற்குத் திருகு இல்லை, தொடு பலகைதான். சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் அதை இயக்க முடியவில்லை. ஓட்டுவதை இவ்வளவு அக்கறையோடு வடிவமைத்தவர்கள் இந்த ஓரிடத்தில் ஏன் ஓட்டுபவரை மறந்தார்கள் என்பது எனக்குப் புரியவில்லை. புறப்படும் முன்பே குளிர்ச்சியை அமைத்துவிட்டு, வழியில் மாற்ற வேண்டுமென்றால் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்கிறோம்.

பொங்கல் விடுமுறையில் ஏற்காட்டுக்கு மனைவி ஓட்டினார். நான் பின்னிருக்கையில், மகனின் இருக்கைக்கும் மகளுக்கும் நடுவில் ஒடுங்கி அமர்ந்து, அம்மாவை முன்னால் உட்கார வைத்தேன். இருபதாவது வளைவு வரை என் மகள் ஜன்னலோரம் சாய்ந்து கதைப்புத்தகம் படித்துக்கொண்டே வந்தாள்.